மாட்டுக்கு ஊசி, மானுக்கு வாழ்வு

கிராமத்துப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்; தொழுவங்களைக் காலி செய்த வெக்கை நோயைப் பற்றிச் சொல்வார்கள். வைரஸால் வரும் இந்நோய் ஆப்பிரிக்காவில் மாடுகளோடு காட்டு விலங்குகளையும் கொன்றது. தான்சானியாவின் செரங்கெட்டி சமவெளியில், வில்டபீஸ்ட் என்னும் பெரிய மான் இனத்தின் ஒரு வயதுக் குட்டிகள் ஏராளமாக மடிந்தன. தாய் தந்த எதிர்ப்புச் சக்தி சில மாதங்களில் தீர்ந்துவிடுவதே காரணம்.

நோயை நிலைநிறுத்தி வந்தது யார்? காட்டு விலங்குகளே என்று பலர் எண்ணினர். 1950களில் தொடங்கி, சுற்றுப்புற மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். வில்டபீஸ்டுகளுக்கு ஓர் ஊசியும் போடவில்லை. ஆயினும் 1963 வாக்கில் அவற்றிடமும் நோய் மறைந்தது! அப்படியானால் வைரஸின் இருப்பிடம் மாட்டு மந்தைதான் என்பது விளங்குகிறதல்லவா? சுமார் 2.5 லட்சமாக இருந்த வில்டபீஸ்டுகள் 1970களின் இறுதியில் சுமார் 13 லட்சமாகப் பெருகின.

ஆகவே, மாடுகளைக் காத்தால் போதும். அதற்கு ஏற்ற தடுப்பூசியைக் கென்யாவில் உருவாக்கியவர், பின்னாளில் லண்டனில் பேராசிரியராக விளங்கிய வால்டர் பிளவ்ரைட். வைரஸைக் கன்றின் சிறுநீரகச் செல்களில் சுமார் 90 முறை அடுத்தடுத்து வளர்த்து, அதை வலுவிழக்கச் செய்தார். 2011இல் வெக்கை உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பின் மனிதன் ஒழித்த இரண்டாவது நோய் இதுவே.