பதினெட்டு நடக்கிறதா, நிரம்பிவிட்டதா?

செஞ்சிக் கோட்டையைப் பார்க்கப் போகிறவர்களில் பலர் கோட்டையோடு திரும்பிவிடுகிறார்கள். வடக்கே சிறிது தூரத்தில் இருக்கும் சிங்கவரத்தை எட்டிப் பார்ப்பதில்லை. நீங்கள் அந்தத் தவறைச் செய்யாதீர்கள். அங்கே குன்றின் மேல், பல்லவர் காலத்தில் பாறையைக் குடைந்து அமைத்த கோயிலில், அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். படியேறி வந்த களைப்பெல்லாம் அந்தக் குகையின் குளிர்ச்சியில் மாயமாய் மறைந்துவிடும்.

போன ஆனி மாதம் அந்தப் படிகளில்தான் இந்தக் கட்டுரைக்கு விஷயம் கிடைத்தது. பாதி வழியில் ஒரு பாட்டி உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பேத்தி, கையில் துளசி மாலை.

"பேத்திக்கு ஆவணியிலே கலியாணம்மா. பத்திரிகை அடிக்கக் கொடுக்கறதுக்கு முன்னே பெருமாளை ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டுப் போகலாம்னு வந்தோம்" என்றாள் பாட்டி.

"சந்தோஷம். பெண்ணுக்கு என்ன வயது, பாட்டி?"

"பதினெட்டு நடக்குதும்மா."

குனிந்த தலை நிமிராமல் பேத்தி மெல்லச் சொன்னாள்: "இன்னும் பதினேழுதான் ஆயா. புரட்டாசியிலேதான் பதினெட்டு நிரம்புது."

இரண்டு பேரில் யார் சொன்னது சரி? யோசித்துப் பாருங்கள். இரண்டு பேர் சொன்னதும் சரிதான்!

நம் வீடுகளில் வயதுக்கு இரண்டு கணக்குகள் உண்டு. எத்தனையாவது வருஷம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது ஒன்று. அது நடப்பு வயது. எத்தனை வருஷம் முழுசாகக் கழிந்தது என்பது மற்றொன்று. அது நிறைந்த வயது. ஜோசியர் முதல் கணக்கைக் கேட்பார். சர்க்கார் இரண்டாவது கணக்கைக் கேட்கும். இரண்டுக்கும் எப்போதும் ஒரு வயது வித்தியாசம்.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் உரியதல்ல. கொரியாக்காரர்களின் பழைய கணக்கைக் கேட்டால் நம்முடையது எவ்வளவோ தேவலை என்பீர்கள். அங்கே குழந்தை பிறந்தவுடனேயே அதற்கு ஒரு வயது. கருவில் இருந்த காலத்தையும் சேர்த்துக்கொண்ட கணக்கு என்று சொல்வதும் உண்டு. அதற்குப் பிறகு வயது ஏறுவது பிறந்த நாளன்று அல்ல. ஜனவரி முதல் தேதியன்று, நாட்டில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில்! புத்தாண்டில் அவர்கள் அரிசி மாவு வில்லைகள் போட்ட ஒருவகைச் சூப் குடிப்பார்கள். ஒரு கிண்ணம் குடித்தால் ஒரு வயது கூடியதாகப் பேச்சு.

2024 டிசம்பர் 31-ஆம் தேதி இரவு ஒரு குழந்தை பிறந்தது என்று வையுங்கள். மறுநாள் காலையில் பழைய கொரியக் கணக்குப்படி அதற்கு இரண்டு வயது. நம் பாட்டி கணக்கில் முதல் வயது நடப்பு. மேல்நாட்டுக் கணக்கிலோ வயதே இல்லை, ஒரு நாள்தான்! குழந்தை என்னவோ ஒன்றுதான், தொட்டிலும் ஒன்றுதான்.

கொரியாவின் சட்டப் புத்தகத்தில் 1962-ஆம் ஆண்டிலிருந்தே நிறைந்த வயதுதான் கணக்கு. ஆனால் ஜனங்களின் நாக்கு பழைய வயதை விடவில்லை. மருந்துச் சீட்டில் போட்டது எந்த வயது, கம்பெனி ஒப்பந்தத்தில் எழுதியது எந்த வயது என்றெல்லாம் தகராறு வந்தது. வழக்கு கோர்ட்டு வரை போனது. கடைசியில் 2022 டிசம்பரில் ஒரு சட்டம் செய்து, 2023 ஜூன் 28-ஆம் தேதி முதல் பொதுவாக எங்கும் நிறைந்த வயதே செல்லும் என்று ஆக்கிவிட்டார்கள். அன்று தென்கொரியாவில் எல்லோருக்கும் ஒரு வயதோ இரண்டு வயதோ குறைந்துவிட்டது. காயகல்பம் சாப்பிடாமலே இளமை! ஆனாலும் பட்டாளத்தில் சேர்ப்பதற்கும், மது, புகையிலை விற்பதற்கும் பிறந்த ஆண்டை மட்டும் பார்க்கும் வேறொரு கணக்கை இன்னும் வைத்திருக்கிறார்கள். ஜப்பானியரும் இதே சிக்கலில் இருந்தவர்கள்தான். அவர்கள் 1902-இல் ஒரு சட்டமும், அது போதாமல் 1949-இல் இன்னொரு சட்டமும் செய்து பழைய கணக்கைக் கைவிடச் செய்தார்கள்.

ஓர் ஒற்றுமையையும் சொல்லவேண்டும். கொரியர்களுக்கும் நம்மைப் போலவே பெயரிட்ட அறுபது வருஷச் சக்கரம் உண்டு. பிறந்த வருஷத்தின் பெயர் திரும்பி வரும்போது அவர்களும் பெரிய விருந்து வைத்துக் கொண்டாடுகிறார்கள். பழைய கணக்கில் அதை அறுபத்தொன்று என்பார்கள். நாம் திருக்கடவூரில் மாலை மாற்றிக்கொள்வதும் அறுபது நிரம்பி அறுபத்தொன்று பிறக்கும்போதுதானே! 1965-இல் தொடங்கிய விசுவாவசு வருஷத்தில் பிறந்தவர்களுக்கு அதே விசுவாவசு 2025 சித்திரையில் திரும்பி வந்தது. கொரியப் பாட்டியும் நம் பாட்டியும் இந்த ஒரு விஷயத்தில் சம்பந்திகள்.

சரி, இதனால் வீட்டுக் காரியங்களுக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். நிறைய வந்தது. பள்ளிக்கூடங்களில் அந்தக் காலத்தில் பிள்ளையின் கையைத் தலைக்கு மேலே வளைத்து எதிர்ப்பக்கத்துக் காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் வயது வந்துவிட்டதென்று பொருள். வாத்தியார் ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு தேதியை எழுதிக்கொள்வார். அதனால்தான் நம் பெரியவர்கள் பலருக்கு ஜாதகத்தில் ஒரு பிறந்த நாளும் சர்ட்டிபிகேட்டில் வேறொரு பிறந்த நாளும் இருக்கின்றன. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறுவது சர்ட்டிபிகேட்டுப்படி. ஆயுஷ்ய ஹோமம் ஜாதகப்படி. ஆயுள் இன்ஷூரன்ஸில் மூன்றாவது ஒரு கணக்குகூட உண்டு. பிறந்த நாள் கழிந்து ஆறு மாதம் தாண்டிவிட்டால், பல திட்டங்களில் அடுத்த வயதாகவே எடுத்துக்கொண்டு பிரீமியம் போடுவார்கள்.

இவையெல்லாம் பணக் கணக்கு, போனால் போகட்டும். ஆனால் ஒரு பெண்ணின் வாழ்க்கைக் கணக்கில் தவறு நேரக்கூடாது. 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணைக் குழந்தை என்றே சொல்கிறது. ஆணுக்கு இருபத்தொன்று நிரம்பவேண்டும். "நடக்கிறது" என்ற பேச்சுக்கு அங்கே இடமே இல்லை. நடத்தி வைப்பவர்களுக்கு இரண்டு வருஷம் வரை கடுங்காவலும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். நட்சத்திரப்படி பிறந்த நாள் ஒவ்வொரு வருஷமும் சில நாள் முன்பின்னாக வரும். ஆகவே பார்க்கவேண்டியது பிறப்புச் சான்றிதழில் உள்ள தேதியைத்தான்.

இதைப் பாட்டியிடம் பக்குவமாகச் சொன்னேன்.

"ஒரு மாசந்தானேம்மா குறையுது?" என்றாள் பாட்டி.

சிங்கவரத்துக்குப் போகும் வழியில் திருநாதர் குன்று என்று ஒரு பாறைக் குன்று உண்டு. இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களை அங்கே பாறையில் செதுக்கியிருக்கிறார்கள். சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்ததை, எழுத்தின் வடிவமே பழமையைச் சொல்லும் ஒரு கல்வெட்டு அங்கே கூறுகிறது. அவருக்கு என்ன வயது என்று கல் சொல்லவில்லை. நோன்பிருந்த நாட்களை மட்டும் எண்ணிச் சொல்கிறது. கல்லில் வெட்டினவர்களுக்கு ஒரு நாளும் கணக்குத்தான். நமக்கு ஒரு மாதம் கணக்கில்லையா?

நான் அந்தக் கல்வெட்டைப் பற்றிச் சொல்லுமுன் பாட்டியே வேறு கதைக்குப் போய்விட்டாள். செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜன் சண்டைக்குப் புறப்படுமுன் இந்தப் பெருமாளிடம்தான் உத்தரவு கேட்டானாம். பெருமாள், "இப்போது வேண்டாம்" என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அவன் கேட்கவில்லை. 1714-ஆம் ஆண்டு ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகானின் படையோடு மோதி மாண்டான். அவனுக்கு அப்போது வயது இருபத்திரண்டுதான் என்பார்கள். அவன் மனைவியும் உடன்கட்டை ஏறினாள்.

கதையைச் சொல்லி முடித்த பாட்டி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு பேத்தியைப் பார்த்து, "உங்கப்பன்கிட்டே நான் சொல்றேன். வா, மேலே போகலாம்" என்று எழுந்தாள்.

சில வாரங்கள் கழித்துப் பேத்தியிடமிருந்து போன் வந்தது. ஆவணி முகூர்த்தத்தை விட்டுவிட்டார்களாம். புரட்டாசியில் கலியாணம் செய்வதில்லை; ஐப்பசியில் அவளுக்குப் பரீட்சை நெருங்கிவிடும். மாப்பிள்ளை வீட்டார், "தையிலேயே வைத்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டார்களாம். "பரீட்சையை முடிச்சிட்டே போகலாம்மா" என்று சொன்னபோது அவள் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் எழுதிக் காட்ட முடியாது.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாராவது, "பெண்ணுக்குப் பதினெட்டு" என்று சொன்னால், உடனே வாழ்த்திவிடாதீர்கள். "நடக்கிறதா, நிரம்பிவிட்டதா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். நிரம்பவில்லை என்று தெரிந்தும் கலியாண ஏற்பாடு நிற்காவிட்டால், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள்.