ஏற்காட்டில் சூரை மீன்: மீனைப் பார்ப்பதற்கு முன்னாடி ஐஸைப் பாருங்க

டின்னில் 'டூனா' என்று விற்பது நம்ம சூரை மீன்தான். 100 கிராம் பச்சை மீனில் 20 கிராமுக்கு மேல் புரதம், கொழுப்பு ரொம்பக் கம்மி. அதனால் உடம்புக்கு நல்லதா என்று நான் அதிகம் யோசிப்பதில்லை. மலைமேல் இருக்கிறவங்க கேட்க வேண்டிய கேள்வி வேற: கடலிலிருந்து சேலம் வந்து, அங்கிருந்து 30 கிலோமீட்டர் மலையேறி வரும்வரை இந்த மீன் ஐஸிலேயே இருந்ததா?

காரணம் இதுதான். சூரையின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். ஐஸ் உருகி மீன் சூடேறினால், பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அலர்ஜி வந்தால் நம்ம உடம்பு வெளியிடுகிற அதே பொருள். அந்த மீனைச் சாப்பிட்டால் சில நிமிஷத்திலேயோ ஓரிரு மணி நேரத்திலேயோ முகம் சிவக்கும், தலை வலிக்கும், தோல் அரிக்கும், நெஞ்சு படபடக்கும். பலரும் இதை மீன் அலர்ஜி என்றே நினைத்துவிடுவார்கள். மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

'நல்லா வேகவெச்சா போயிடாதா?' போகாது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். இங்க தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆனா சிக்கல் அதில் இல்லை. குக்கரில் எத்தனை விசில் விட்டாலும், ஏன், டின் தொழிற்சாலையின் 120 டிகிரி சூட்டிலும்கூட, பாக்டீரியா சாகும், ஹிஸ்டமின் அப்படியே இருக்கும். திரும்ப ஃபிரீசரில் வைத்தாலும் குறையாது. எங்க தொழில் பாஷையில் சொன்னா, இதுக்கு 'அன்டூ' கிடையாது. வாசனையையும் நம்ப முடியாது; நாற்றமே இல்லாத மீனிலும் இது இருக்கலாம்.

அதனால் வாங்கும்போது:

• மீன் ஐஸுக்கு மேலே சும்மா கிடக்கக் கூடாது, ஐஸுக்குள் புதைந்திருக்கணும். தொட்டால் சில்லென்று இருக்கணும்.
• சேலத்தில் வாங்கினால் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டே மேலே கொண்டு வாங்க. மலைக்காற்று ஐஸ் ஆகாது.
• நாக்கில் சுருக்கென்று காரம்போலக் குத்தினால் அந்தத் துண்டைத் துப்பிட்டு, மீதியையும் கொட்டிடுங்க.
• சந்தேகமிருந்தால் டின் வாங்குங்க. திறந்தபின் மீதியை வேறு பாத்திரத்துக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வைங்க.

சமையல் சுலபம். கொழுப்பு கம்மி என்பதால் ரொம்ப நேரம் வெந்தால் சக்கையாகிடும். குழம்பு கொதித்து முடியும் தறுவாயில் துண்டுகளைப் போட்டு, உள்ளே வெந்ததும் இறக்கிடலாம். டின் மீன் ஏற்கெனவே வெந்தது. வெங்காயம், மிளகு போட்டு லேசாகப் பிரட்டினால் போதும்.

பாதரசம் பற்றி ஒரு வரி: பெரிய சூரைகளில் அது கூடுதல். கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் சிறிய சூரையையோ, 'லைட்' என்று எழுதிய டின்னையோ எடுக்கலாம். அதையும் தினமும் வேண்டாம்.