ஸ்டாக்ஃபிஷ் சதுரங்கப் பொறியை நிறுவுதல்

ஸ்டாக்ஃபிஷ் என்பது சதுரங்க நிலைகளை ஆராய்ந்து சிறந்த நகர்த்தலைக் கண்டறியும் ஒரு கட்டற்ற மென்பொருள் ஆகும். இத்தகைய மென்பொருட்கள் சதுரங்கப் பொறிகள் எனப்படுகின்றன. நோர்வே நாட்டவரான டோர்ட் ரோம்ஸ்டாட் எழுதிய குளோருங் என்னும் பொறியின் மூலநிரலிலிருந்து, இத்தாலியரான மார்கோ கொஸ்டால்பா 2008 ஆம் ஆண்டில் இதனை உருவாக்கி வெளியிட்டார். ஸ்டாக்ஃபிஷ் என்பது உப்பிடாமல் காற்றில் உலர்த்தப்படும் ஒருவகைக் கருவாடு. நோர்வேயில் விளைந்து இத்தாலியில் சமைக்கப்பட்டதால் பொறிக்கும் அப்பெயரே அமைந்தது.

பொறியும் இடைமுகமும்

பதிவிறக்கிய கோப்பை முதன்முறை திறப்பவர் பெரும்பாலும் ஏமாற்றமே அடைவார். கறுப்புச் சாளரமொன்றில் பொறியின் பெயரும் பதிப்பும் மட்டும் தெரியும். பலகையோ காய்களோ தோன்றா. இது பழுதன்று. பொறி எழுத்துவடிவக் கட்டளைகளை மட்டுமே அறியும். பலகையை வரைதல், காய்களை நகர்த்துதல், கடிகாரம் காட்டுதல், ஆட்டங்களைச் சேமித்தல் ஆகியன வரைகலை இடைமுகம் எனப்படும் மற்றொரு மென்பொருளின் பணிகளாகும்.

இவ்விரண்டும் உரையாடும் முறை யூசிஐ நெறிமுறை எனப்படும். ருடால்ஃப் ஹூபர், ஸ்டெஃபான் மேயர்-காலன் ஆகியோர் வடிவமைத்த இது 2000 ஆம் ஆண்டில் வெளியானது. இடைமுகம் 'யூசிஐ' எனக் கேட்டதும் பொறி தன் பெயரையும் மாற்றத்தக்க அமைப்புகளையும் தெரிவிக்கும். பின்னர் அதுவரை ஆடிய நகர்த்தல்களும் 'கோ' என்னும் கட்டளையும் அனுப்பப்படும். 'பெஸ்ட்மூவ்' எனத் தொடங்கும் வரியில் விடை கிடைக்கும். இப்பொதுமொழி இருப்பதால் ஓர் இடைமுகத்தில் பல பொறிகளை இணைத்து, அவற்றை ஒன்றோடொன்று மோதவிடவும் இயலும்.

நிறுவல்

அரினா, கியூட் செஸ் ஆகியவை விலையின்றிக் கிடைக்கும் இடைமுகங்கள். இவற்றுள் கியூட் செஸ் கட்டற்றது. அரினா இலவசமே எனினும் அதன் மூலநிரல் திறந்ததன்று. பொறியின் கோப்பை நிலையான ஒரு கோப்புறையில் பிரித்து வைத்தல் வேண்டும். பின்னர் இடம் மாற்றினால் இடைமுகத்தால் அதனைக் கண்டறிய இயலாது. அரினாவில் 'என்ஜின்ஸ்' பட்டியலிலுள்ள 'இன்ஸ்டால் நியூ என்ஜின்' என்பதைத் தெரிந்து, அக்கோப்பைச் சுட்டி, வகை யூசிஐ எனக் குறிக்கவேண்டும். லினக்சில் கோப்புக்கு இயக்க அனுமதியும் அளிக்கவேண்டும். செயலி வகைக்கேற்பப் பல கோப்புகள் வழங்கப்படுகின்றன. பழைய கணினியில் 'ஏவிஎக்ஸ்2' வகைக் கோப்பு உடனே நின்றுவிடக்கூடும். அப்போது எளிய வகையைப் பயன்படுத்தலாம்.

'திரெட்ஸ்' என்பது எத்தனை இழைகளில் கணிக்கவேண்டும் என்பதையும், 'ஹேஷ்' என்பது நினைவகத்தில் எவ்வளவு ஒதுக்கவேண்டும் என்பதையும் குறிக்கும். ஹேஷின் இயல்பான 16 மெகாபைட்டு நீண்ட ஆய்வுக்குப் போதாது. பயில்வோருக்கு 'ஸ்கில் லெவல்' முதன்மையானது. 20 இலிருந்து இதனைக் குறைக்காவிட்டால் உலக வாகையர்களையும் விஞ்சும் பொறியுடன் மோதித் தோற்பதே மிஞ்சும். 0 வரை குறைக்கலாம்.

பொறி காட்டும் +1 என்னும் மதிப்பைப் பலர் ஒரு சிப்பாய் மிகுதி என்றே கொள்கின்றனர். 2022 இல் வெளியான 15.1 ஆம் பதிப்பிலிருந்து, இணையான வலிமையுள்ள எதிரியை வெல்ல 50 விழுக்காடு வாய்ப்பு என்பதே அதன் பொருள்.

உரிமம்

ஸ்டாக்ஃபிஷ் குனூ பொதுமக்கள் உரிமத்தின் 3 ஆம் பதிப்பின்கீழ் வழங்கப்படுகிறது. எவரும் மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆயின் பெறுபவருக்கு மூலநிரலும் அதே உரிமைகளும் சேரவேண்டும். இதனை மீறியதாகச் செஸ்பேஸ் நிறுவனத்தின் மீது பொறியின் ஆக்குநர்கள் 2021 இல் செருமனியில் வழக்குத் தொடுத்தனர். அது 2022 நவம்பரில் உடன்பாட்டில் முடிந்தது.