இரண்டு இரவும் ஒரு பகலும்

சென்னையிலிருந்து புதுதில்லிக்குத் தொடர்வண்டியில் செல்லும் தொலைவு ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். 1976ஆம் ஆண்டு முதல் இத்தடத்தில் ஓடிவரும் தமிழ்நாடு விரைவுத் தொடர்வண்டி, இரவில் சென்னையை நீங்கி, மறுநாள் முழுவதும் ஓடி, அதற்கடுத்த நாள் காலையில் தலைநகரை அடைகிறது. இரண்டு இரவும் ஒரு பகலும் நீளும் இப்பயணத்தைப் பள்ளிப் படிப்பு முடிந்த சில மாதங்களிலேயே மேற்கொள்ளும் மாணவர் பலர். பல்கலைக்கழகச் சேர்க்கை, நேர்முகத் தேர்வு, தேசிய அளவிலான விளையாட்டுப் போட்டி எனக் காரணங்கள் பலவாக இருக்கலாம். வீட்டில் எவரும் சென்றறியாத ஊருக்கு முதன்முதலாகச் செல்லும் அவர்கள், உறங்காத கண்களோடும் கெட்டுப்போன வயிற்றோடும் தேர்வு அறைக்குள் நுழைந்தால், ஆண்டுக்கணக்கான உழைப்பு அந்த ஒரு நாளில் வீணாகக்கூடும்.

ஆகவே, ஆயத்தம் பெட்டியில் துணி அடுக்கும் நாளில் தொடங்குவதன்று. பயணச்சீட்டு எடுக்கும் நாளிலேயே தொடங்குகிறது. 120 நாள்களாக இருந்த முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் முதல் 60 நாள்களாகக் குறைக்கப்பட்டுள்ளது. தேர்வு நாள் தெரிந்தவுடன் பதிவு செய்துவிடுவதே அறிவுடைமை. தட்கல் முறையை நம்பிக் காலந்தாழ்த்துவோர் உளர். வண்டி புறப்படுவதற்கு முந்தைய நாள் காலையில், குளிரூட்டப்பட்ட வகுப்புகளுக்குப் பத்து மணிக்கும், ஏனைய வகுப்புகளுக்குப் பதினொரு மணிக்கும் தொடங்கும் அப்பதிவில் இடங்கள் சில நிமிடங்களிலேயே தீர்ந்துவிடுவதைப் பலரும் அறிவர். இணையவழியில் எடுத்த சீட்டு, இறுதிப் பட்டியல் தயாராகும்போதும் காத்திருப்போர் வரிசையிலேயே நின்றுவிட்டால், அது தானாகவே நீக்கப்பட்டுப் பணம் திரும்பிவிடும். ஆர்.ஏ.சி. என்று வந்தாலோ வண்டியில் ஏறலாம்; ஆனால் பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கையை இருவர் பகிர்ந்து அமர்ந்தே செல்ல நேரிடலாம்.

சீட்டில் உள்ள படுக்கை எண்ணைக் கொண்டே அது எங்கே அமைந்திருக்கும் என்பதை அறியலாம். சாதாரணப் படுக்கை வசதிப் பெட்டியில் எட்டு எட்டுப் படுக்கைகளாகத் தடுப்புகள் அமைந்துள்ளன. உங்கள் எண்ணை எட்டால் வகுத்துப் பாருங்கள். மீதி ஒன்று அல்லது நான்கு எனில் கீழ்ப்படுக்கை. இரண்டு அல்லது ஐந்து எனில் நடுப்படுக்கை. மூன்று அல்லது ஆறு எனில் மேற்படுக்கை. மீதி ஏழாயின் பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கை. மீதியின்றி வகுபட்டால் பக்கவாட்டு மேற்படுக்கை. 43 என்னும் எண்ணை வகுத்தால் மீதி மூன்று. எனவே அது மேற்படுக்கை. பழைய வகைப் பெட்டிகளின் 72 படுக்கைகளுக்கும் புதிய வகைப் பெட்டிகளின் 80 படுக்கைகளுக்கும் இக்கணக்கு பொருந்தும். இளையோர்க்கு மேற்படுக்கையே நல்லது என்பது என் கருத்து. எவரையும் எழுப்பாமல், எவராலும் எழுப்பப்படாமல் பகலிலும் படிக்கலாம், உறங்கலாம். முழங்கால் வலியுள்ள தாயாரோ தாத்தாவோ உடன் வருவராயின் கீழ்ப்படுக்கையைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். தனியே செல்லும் மாணவியர் மகளிர் ஒதுக்கீட்டையும் அறிந்திருத்தல் வேண்டும். நெடுந்தொலைவு விரைவு வண்டிகளின் படுக்கை வசதி வகுப்பில் வயது வேறுபாடின்றி மகளிர்க்கென ஆறு படுக்கைகள் ஒதுக்கப்படுகின்றன.

உணவைப் பொறுத்தவரை நம் முன்னோர் கட்டுச்சோறு கட்டிய முறையை விஞ்சக்கூடியது எதுவும் இல்லை. புளியும் நல்லெண்ணெயும் சேர்ந்த சோறு எளிதில் கெடுவதில்லை. புளியின் அமிலத்தன்மையும், உதிரியாகக் கிளறிய சோற்றில் ஈரம் குறைவாக இருத்தலும் நுண்ணுயிர்ப் பெருக்கத்தைத் தாமதப்படுத்துகின்றன. ஆனால் சோற்றைச் சூட்டோடு பொட்டலம் கட்டிவிட்டால் ஆவி வியர்த்து அந்நன்மையைக் கெடுத்துவிடும். அகன்ற தட்டில் பரப்பி நன்கு ஆறவிட்டு, வாட்டிய வாழையிலையில் கட்ட வேண்டும். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி மறுநாள் காலைக்கு உதவும். தேங்காய்ச் சட்டினியை மட்டும் வீட்டிலேயே விட்டுவிடுவது நலம். தயிர்ச்சோறு விரைவில் புளிக்கும் என்பதால், சோற்றில் காய்ச்சி ஆறிய பாலை ஊற்றிப் பிசைந்து, ஒரு கரண்டித் தயிர் மட்டும் சேர்ப்பர். உண்ணும் வேளைக்கு அதுவே பதமான தயிர்ச்சோறாகியிருக்கும். இது எந்த நூலையும் படித்துக் கற்றதன்று. நம் வீட்டுப் பெண்களின் அனுபவ அறிவியல். எனினும் மறுநாள் நண்பகலுக்குமேல் கட்டுச்சோற்றை நம்புதல் கூடாது. கோடைக்காலமாயின் காலையோடு முடித்துவிட வேண்டும். அதன்பின் பழமும், வண்டியில் சூடாகத் தரப்படும் உணவும் போதும்.

குளிரைப் பலர் மறந்துவிடுகின்றனர். டிசம்பர் மாதத்தில் சென்னையில் மெல்லிய சட்டையோடு ஏறும் மாணவர், நாகபுரியைத் தாண்டி இரவு வந்ததும் நடுங்கத் தொடங்குவார். தில்லியின் குளிர்கால இரவுகளில் வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்கும் கீழே செல்லும். குளிரூட்டப்பட்ட பெட்டிகளில் கம்பளியும் விரிப்பும் தரப்படும். சாதாரணப் படுக்கை வசதிப் பெட்டியில் தரப்படுவதில்லை. கம்பளிச் சட்டை, போர்வை, காலுறை ஆகியவற்றைப் பெட்டியின் அடியில் வைக்காமல் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அதே மாதங்களில் வடநாட்டின் மூடுபனியால் வண்டிகள் பல மணி நேரம் தாமதமாவது வழக்கம். தேர்வு நாளன்று காலையில் சென்றுசேரும் வண்டியை நம்புவது சூதாட்டத்திற்கு ஒப்பானது. ஒருநாள் முன்னதாகவே சென்றடையுமாறு பதிவு செய்யுங்கள். தங்கும் செலவு சற்றுக் கூடினும் கூடட்டும்.

சுமையைக் குறைக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. படுக்கை வசதி வகுப்பில் 40 கிலோ வரை கட்டணமின்றி எடுத்துச் செல்லலாம்; அதற்காக 40 கிலோவையும் சுமக்க வேண்டுமா என்ன? இருபதுக்கும் மேற்பட்ட பெட்டிகளைக் கொண்ட வண்டியின் நீளம் ஏறத்தாழ அரை கிலோமீட்டர். நடைமேடையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை சுமையோடு நடந்து பார்த்தவர்க்கே அது விளங்கும். சான்றிதழ்கள், பணம், புகைப்படத்துடன் கூடிய அசல் அடையாள அட்டை, நாள்தோறும் உட்கொள்ளும் மருந்து ஆகியவை ஒரு சிறு பையில், உறங்கும்போதும் உடலோடு இருத்தல் வேண்டும். பள்ளி, கல்லூரிகள் வழங்கும் புகைப்பட அடையாள அட்டையும் ஏற்றுக்கொள்ளப்படும். இடையூறு நேர்ந்தால் அழைக்க வேண்டிய எண் 139.

இன்று நாம் படுத்துறங்கிச் செல்வதும் எளிதில் கிடைத்த வசதி அன்று. 1917ஆம் ஆண்டில் காந்தியடிகள் பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் வந்தார். அவ்வனுபவத்தைக் கட்டுரையாகவும் எழுதினார். இரண்டு இரவுகள் நீண்ட அப்பயணத்தில் படுக்க இடமில்லை. 22 பேருக்கான பெட்டியில் பெரும்பாலான தொலைவு 35 பேருக்குக் குறையாமல் நெருக்கியடித்து வந்தனர்; சிலர் அழுக்குத் தரையில் கிடந்தனர், சிலர் நின்றுகொண்டே வந்தனர். விடுதலைக்குப் பின்னும் நெடுங்காலம் ஏழைகளுக்கு வெறும் மரப்பலகையே படுக்கை. 1977இல் இரயில்வே அமைச்சரான மது தண்டவதே, இரண்டாம் வகுப்புப் படுக்கைகளுக்கு மெத்தை அமைக்கும் முறையைக் கொண்டுவந்தார்.

ஆனால் முன்பதிவில்லாப் பெட்டிகளில் காந்தியடிகள் கண்ட காட்சியை இன்றும் காணலாம். வேலை தேடித் தமிழ்நாட்டுக்கு வரும் வடமாநிலத் தொழிலாளர் பலர் அவ்வாறே நின்று வருகின்றனர். அவர்களுள் ஒருவர் உங்கள் பெட்டியில் ஏறி, பகல் வேளையில் படுக்கையின் ஓரத்தில் சிறிது நேரம் அமர இடம் கேட்கக்கூடும். முன்பதிவு செய்த இடம் உங்கள் உரிமையே. மறுப்பதற்கும் உங்களுக்கு உரிமை உண்டு. மறுத்தாலும் அதைக் கடுஞ்சொல் இன்றிச் செய்யலாம். முன்பதிவு செய்தோர்க்குள்ளும் எல்லை உண்டு. நடுப்படுக்கையை விரித்து உறங்குவதற்கான நேரம் இரவு பத்து முதல் காலை ஆறு மணிவரை மட்டுமே. ஏனைய நேரத்தில் கீழ்ப்படுக்கை என்பது மூவரும் அமர்வதற்கான இருக்கை. இதை அறியாமையால் எழும் சண்டைகள் வண்டிதோறும் உண்டு. செல்பேசியில் உரக்கப் பாட்டுக் கேட்போரைப் பற்றித் தனியாக ஒரு பாடமே எழுதலாம்.

ஆக்ராவைக் கடந்ததும் பயணிகள் ஒவ்வொருவராக எழுந்து பெட்டிகளைச் சங்கிலியிலிருந்து விடுவிப்பர். முகம் கழுவி, காலணி அணிந்து, போர்வையை மடித்து வைத்தபின், இருக்கையின் அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள்; சுவரில் செருகிய மின்னேற்றியையும் மறவாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.