தொலேடோக் கழுகு

திருகோணமலை நகரில் வாழ்நாளெல்லாம் துவிச்சக்கர வண்டியிற் சென்றோர்க்கும் ஏற்றம் எனத்தக்கது பெரும்பாலும் ஒன்றே. பிரட்றிக் கோட்டை வாயிலைக் கடந்து, மான்கள் மேயும் நிழற்பாதை வழியே கோணேசர் கோயிலை நோக்கி மேலேறும் அச்சிறு தொலைவில், வண்டியை விட்டிறங்கித் தள்ளிச் செல்வோரே பலர். உட்துறைமுகக் கரையினின்று நிலாவெளிக்கும் தம்பலகாமத்துக்கும் செல்லும் சாலைகளோ சமநிலத்தன. ஆதலின், மலைமேல் வண்டி செலுத்துதலையே தொழிலாகக் கொண்டு, அதனாற் பொருளும் புகழும் ஈட்டிய ஒருவனது வரலாறு இந்நகர் மாணவர்க்குப் புதுமையாகத் தோன்றுதல் இயல்பே. ஸ்பெயின் நாட்டுப் பெடரிக்கோ பகமொந்தெஸ் என்பார் அத்தகையர். அவரது ஊராகிய தொலேடோ, மூன்று புறமும் தாகஸ் ஆறு சூழ்ந்த பாறைமேல் அமைந்த பழம்பதியாகும். கடல் சூழ்ந்த கோணேசர் பாறையை அறிந்தார்க்கு அவ்வூரின் தோற்றத்தை உன்னுதல் அரிதன்று.

தூர் த பிரான்சு எனப்படும் போட்டி 1903ஆம் ஆண்டிலே தொடங்கியது. பிரான்சு நாட்டைச் சுற்றி ஏறத்தாழ மூன்று கிழமைகள் நாடோறும் ஒரு பகுதியாக ஓடப்படுவது. எல்லா நாளின் நேரத்தையும் கூட்டுமிடத்துக் குறைந்த நேரம் எடுத்தவரே வெற்றியாளர். அவர்க்குரியது மஞ்சட் சட்டை. இதனோடு, மலைமுகடுகளை முன்னர் அடைவோர்க்குப் புள்ளி வழங்கி, அவருள் முதல்வரைத் தெரிந்தெடுக்கும் வேறொரு பரிசும் 1933 முதல் உண்டு. அதனை முதன்முதல் வென்றவரும் ஸ்பானியரே. விசெந்தே துருயேபா என்பது அவர் பெயர். இம்மலைகள் எத்துணை உயர்ந்தன என்பதை நம் நாட்டளவால் அறியலாம். பிரனீசு மலைத்தொடரிலுள்ள தூர்மலேக் கணவாய் 2,115 மீட்டர் உயரமுடையது; நுவரெலியா நகரோ 1,868 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆல்ப்சு மலையிலுள்ள கலிபியேக் கணவாயில் அக்காலத்துச் சாலை சென்ற சுரங்கவழியே ஏறத்தாழ 2,556 மீட்டர் உயரத்தது. இலங்கையின் மிக உயர்ந்த சிகரமாகிய பிதுருதலாகலையோ 2,524 மீட்டர். ஆகவே கலிபியேயை ஏறுபவன் நம் நாட்டின் உச்சிக்கும் மேலே வண்டி மிதித்துச் செல்கின்றான் என்க. ஒரே நாளில் அத்தகைய கணவாய்கள் மூன்றோ நான்கோ வருதலும் உண்டு.

மலையேற்றத்திற் சிறந்தவர் பெரும்பாலும் மெலிந்த சிற்றுடலினராய் இருத்தற்குக் காரணம் பௌதிகவியலில் உள்ளது. சமநிலத்தில் விரைந்து செல்வோனுக்குத் தலையாய பகை காற்றுத்தடையே. வேகம் இருமடங்கானால் காற்றுத்தடை நான்மடங்காகும். அத்தடையை வெல்ல வேண்டிய வலுவோ எண்மடங்காகும். எனினும் முன்செல்வோன் முதுகின்பின் ஒதுங்கிச் செல்பவன் அதிற் பெரும்பங்கைத் தவிர்த்துக்கொள்வான். ஏற்றத்திலோ வேகம் குறைவாதலின் காற்றுத்தடையும் குறைகின்றது. ஒதுங்குதலாற் பயன் சிறிதே. அங்கே எதிர்நிற்பது புவியீர்ப்பு. வண்டியும் வீரனும் சேர்ந்து 75 கிலோகிராம் எனக் கொள்வோம். 1,000 மீட்டர் உயரம் ஏறுதற்குப் புவியீர்ப்புக்கு எதிராகச் செய்யவேண்டிய வேலை ஏறத்தாழ 7,35,000 யூல். ஒரு மணி நேரத்தில் ஏறுவதாயின் இடையறாது 204 வாற்று வலு வேண்டும். நிறை 85 கிலோகிராம் ஆயின் அதே ஏற்றத்துக்கு 231 வாற்று வேண்டும். பேருடலினன் மிகுந்த தசைவலு உடையவனே. ஆயினும் உடல் பெருகுங்கால் நிறை பெருகும் அளவுக்கு இருதயமும் நுரையீரலும் ஈட்டும் வலு பெருகுவதில்லை. சமநிலத்தில் அவனுக்குத் துணையாயிருந்த பருமை மலையிற் சுமையாகிவிடுகின்றது. இதன் மறுதலையும் உண்மை: மலையில் முந்திய சிற்றுடலினன், கடிகாரத்துக்கு எதிராகத் தனித்து ஓடும் சமநிலப் பகுதியில் தான் ஈட்டிய நேரத்தை இழந்துவிடுவான். மலைவீரர் பலர் முகடுகளில் முதல்வராய் வந்தும் பாரிஸ் நகரைப் பின்னவராய்ச் சேர்ந்தமைக்கு இதுவே ஏது.

பகமொந்தெஸ் 1928ஆம் ஆண்டு யூலை 9ஆம் நாள் தொலேடோ மாகாணத்துச் சிற்றூர் ஒன்றில் ஏழைக் குடும்பத்திலே பிறந்தார். எட்டாம் வயதில் ஸ்பெயினின் உள்நாட்டுப் போர் மூண்டது. குடும்பம் ஊரைவிட்டு மட்றிட் நகருக்குப் பெயர்ந்தது. போர் 1939இல் முடிந்தபின்னரும் பசி முடியவில்லை. உணவுப் பங்கீடு 1952 வரையும் நீடித்தது. தொலேடோச் சந்தையில் மரக்கறியும் பழமும் சுமக்கும் கூலியாயிருந்த இளைஞர், பழைய துவிச்சக்கர வண்டியொன்றை வாங்கினார். விளையாட்டுக்கன்று. சுற்றூர்களில் மாவும் தானியமும் வாங்கி, காவற்படையினர் கண்ணிற் படாது, மூட்டைகளை வண்டியிற் கட்டி நகருக்குக் கொணர்ந்து கள்ளச்சந்தையில் விற்றற்பொருட்டே அதனை வாங்கினார். சட்டத்தின்படி அது குற்றம். அந்நாளில் அந்நாட்டில் உயிர்வாழ்ந்தோருள் அக்குற்றத்தைச் செய்யாதார் மிகச் சிலராகவே இருந்திருப்பர். 1990ஆம் ஆண்டின் பின்னர் எரிபொருள் தடைப்பட்டிருந்த காலத்தில், நம் வடபுலத்து மக்கள் விறகும் நெல்லும் நோயாளரும் உட்பட யாவற்றையும் துவிச்சக்கர வண்டியிலேயே கொண்டுசென்றமையை அறிந்தோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. மூட்டை சுமந்து மேடேறிய கால்கள், மூட்டையின்றி ஏறுமிடத்துத் தம் வலிமையைத் தாமே அறிந்தன. இடையில் நெருப்புக்காய்ச்சலும் அவரை வருத்தியது. 1947 முதல் ஊர்ப் போட்டிகளிற் பங்குபற்றலானார்.

1954ஆம் ஆண்டு தூர் த பிரான்சிற்கு முதன்முறை வந்தபோதே மலைப்பரிசை வென்றார். அவ்வாண்டு நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி பின்னர் அவர் வாழ்நாளெல்லாம் அவரைத் தொடர்ந்தது. றொமெயேர் என்னும் கணவாயை யாவர்க்கும் முன்னர் அடைந்த அவர், உச்சியில் வண்டியை நிறுத்தி, ஆங்கிருந்த விற்பனையாளரிடம் ஐஸ்கிறீம் வாங்கி உண்டுகொண்டே பின்வருவோரை நோக்கி நின்றார். எதிரிகளை எள்ளுதற்கே அவ்வாறு செய்தார் என்று பத்திரிகைகள் எழுதின. அவரோ, சக்கரக் கம்பிகள் முறிந்தமையால் தம் அணியின் ஊர்தி மாற்றுச் சக்கரம் கொணரும்வரை காத்துநின்றதாகக் கூறினார். அவர் கூற்றே பொருத்தமுடையது. முறிந்த கம்பியோடு இறக்கத்தில் விரைதல் எவர்க்கும் இடர்; பகமொந்தெசுக்கோ செவ்விய வண்டியோடும் இறக்கம் அச்சந்தருவது. இளமையில் ஓர் இறக்கத்தில் வழிதவறிக் கள்ளிப்புதரில் வீழ்ந்தமையே அவ்வச்சத்துக்குக் காரணம் என்பர். ஏறுங்காற் கழுகு, இறங்குங்காற் கோழி என்னுமாறு, முகட்டில் ஈட்டிய நேரத்தைப் பள்ளத்தாக்கில் உதிர்த்துவிடுவது அவர் வழக்கமாயிற்று.

அவர் ஏறும் முறை தனித்தன்மை வாய்ந்தது. இருக்கையினின்று எழாமல், உடலை நிமிர்த்தி, கைப்பிடியின் நடுப்பாகத்தைப் பற்றி மிதிப்பார். திடீரென விரைவார், தளர்ந்தார்போலத் தோன்றிப் பின்னும் விரைவார். ஒரே சீராக ஏறுவோர்க்கு இவ்வாறு தாளம் மாற்றுவோனைப் பின்தொடர்தல் பெருந்துன்பம்.

தூர் த பிரான்சில் 1956இல் நான்காமிடம் பெற்றார். 1957இல் இடையிலே விலகினார். 1958இல் மலைப்பரிசை மீண்டும் வென்றார். தம் நாட்டுப் போட்டியாகிய வுவெல்தாவில் 1957ஆம் ஆண்டு ஜெசூஸ் லொறோஞோவுக்கு அடுத்ததாக இரண்டாமிடமே கிடைத்தது. அதனை அவர் என்றுமே வென்றிலர். மலைமுகட்டுப் புள்ளிகளே போதும் என்ற மனநிலையில் இருந்தவரை மாற்றியவர் இத்தாலியப் பெருவீரர் பௌஸ்தோ கொப்பி. 1959இல் கொப்பியின் பெயர் தாங்கிய அணியிற் சேர்ந்த பகமொந்தெசுக்கு, முழுப்போட்டியையும் வெல்லும் ஆற்றல் உண்டென்று அவர் அறிவுறுத்தினார். அவ்வறிவுரையின் பயனைக் கண்டபின் கொப்பி நெடுநாள் வாழ்ந்திலர். ஆபிரிக்காவிற் பற்றிய மலேரியாக் காய்ச்சல் உரிய காலத்தில் இனங்காணப்படாமையால் 1960ஆம் ஆண்டு யனவரி 2ஆம் நாள் இறந்தார்.

1959ஆம் ஆண்டுப் போட்டி ஆராயத்தக்கது. அக்காலத்தில் வீரர் வணிக நிறுவனங்களின் பெயரால் அன்றி நாட்டணிகளாகவும், பிரான்சைப் பொறுத்தவரை மாநில அணிகளாகவும் ஓடினர். பிரெஞ்சு நாட்டணியில் ஜாக் அன்கெத்தில், றொஜே றிவியேர், லூயிசோன் பொபே முதலாய பெயர்பெற்றோர் பலர் இருந்தனர். ஓருறையில் பல வாள்கள். ஹென்றி ஆங்கிலாத் என்னும் பிறிதொரு பிரெஞ்சுக்காரர் மாநில அணியொன்றில் ஓடினார். கிளெர்மோன் நகரினின்று புய் த டோம் என்னும் அவிந்த எரிமலையின் உச்சிக்குச் சுமார் 12 கிலோமீட்டர் தனித்தனியே ஓடும் பகுதியைப் பகமொந்தெஸ் வென்றார். அம்மலையின் இறுதிப் பாதை நூறு மீட்டருக்குப் பன்னிரண்டு மீட்டர் அளவில் உயர்வது. இரு நாள் கழித்து, கிறெனோபிள் நகர் நோக்கிய ஆல்ப்சு மலைப்பகுதியில், முன்னாண்டு வெற்றியாளரான லக்சம்பேர்க் நாட்டுச் சார்லி கோலும் அவரும் ஏனையோரை விட்டகன்றனர். அன்றைய வெற்றி கோலுக்கு; மஞ்சட் சட்டை பகமொந்தெசுக்கு.

அதன்பின் நடந்ததே பேசுபொருளாயிற்று. ஆங்கிலாத் வெல்லுதலை அன்கெத்திலும் றிவியேரும் விரும்பவில்லை. அக்கால வீரர்க்குப் போட்டிப் பரிசினும், போட்டி முடிந்தபின் ஊர்தோறும் நடக்கும் காட்சி ஓட்டங்களுக்கு அழைக்கப்பெறும் ஊதியமே பெரிது. அவ்வழைப்புகளைத் தரகர் ஒழுங்குசெய்வர். ஆங்கிலாதின் தரகர் வேறு, அன்கெத்திலின் தரகர் வேறு. நாட்டில் இன்னொரு பிரெஞ்சு வீரன் உயர்ந்தால் இவர்தம் சந்தை குறையும். மலைவீரனான ஸ்பானியனோ ஊர்த்தெருக்களிற் சுற்றியோடும் காட்சிகளுக்குப் பெரிதும் உதவான். ஆகவே ஆங்கிலாதுக்கு உதவி கிட்டவில்லை. யூலை 18ஆம் நாள் பாரிஸ் அரங்கினுட் புகுந்த அன்கெத்திலையும் றிவியேரையும் அவர்தம் நாட்டு மக்களே சீழ்க்கையடித்து இகழ்ந்தனர். பகமொந்தெஸ் 4 நிமிடம் 1 செக்கனால் ஆங்கிலாதை வென்றார், அன்கெத்தில் மூன்றாமவர். தூர் த பிரான்சை வென்ற முதல் ஸ்பானியர் இவரே.

இதனைப் பிறர் கொடுத்த கொடை என்று குறைத்துரைப்பாரும் உளர். பிரெஞ்சுக்காரரின் பொறாமை அவருக்குக் காவலாயிற்று என்பதில் ஐயமில்லை. ஆனால் காக்கப்படுதற்கு ஒரு முன்னிலை வேண்டுமன்றோ? அம்முன்னிலையை எரிமலைச் சாய்விலும் ஆல்ப்சிலும் ஈட்டியவர் அவரே. வெற்றிநாளாகிய யூலை 18, பிராங்கோவின் 1936ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் நினைவு நாளாகவும் அமைந்தது; அவ்வரசு இவ்வெற்றியைத் தன் புகழாகக் கொண்டாடியது. அக்கிளர்ச்சி மூட்டிய போரினாலேயே பட்டினி கிடந்த குடும்பத்தின் மகன்தான் அவர் என்பதை அக்கொண்டாட்டம் நினைவுகூர்ந்ததாகத் தெரியவில்லை.

மறுவருடம் வெற்றியாளராய் வந்தவர் தொடக்க நாள்களிலேயே உடல்நலமின்றி விலகிப் புகைவண்டியில் ஊர் திரும்பினார். அவரது மனநிலை மாறுந்தன்மையது என்று தோழரும் குறைகூறியதுண்டு. ஆயினும் முப்பத்து மூன்று வயதுக்குமேல் அவர் காட்டிய ஆற்றல் வியப்புக்குரியது. 1962, 1963, 1964 ஆகிய மூவாண்டும் மலைப்பரிசு அவருடையதே. 1963இல் மஞ்சட் சட்டையையும் மூன்று செக்கன் முன்னிலையில் ஒருநாள் அணிந்தார். அடுத்த நாள் போர்க்கிளாஸ் கணவாய். பொறிப்பழுது நேர்ந்தாலன்றி வண்டியை மாற்றலாகாது என்பது விதி. அன்கெத்திலின் அணித்தலைவர் ஜெமினியானி, பற்சில்லு மாற்றும் கம்பியைத் தாமே வெட்டிப் பழுதெனக் காட்டி, ஏற்றத்துக்கேற்ற இலேசான வண்டியை அவருக்கு அளித்தார். உச்சி கடந்தபின் பழைய வண்டி மீண்டும் வந்தது. மலையில் தனித்துச் செல்ல முயன்ற பகமொந்தெஸ் அன்கெத்திலை உதறமுடியாது, சாமொனி நகரில் அவரிடமே தோற்றார். பாரிசில் இருவர்க்கும் இடைவெளி 3 நிமிடம் 35 செக்கன். சூழ்ச்சி இல்லையேல் முடிவு மாறியிருக்கும் என்று துணிதல் இயலாது. சமநிலத் தனியோட்டத்தில் அன்கெத்திலுக்கு நிகரானோர் அன்றில்லை. 1964இல் முப்பத்தாறாம் வயதில், பிரனீசின் நான்கு பெருங்கணவாய்களைக் கடந்து போ நகரில் வென்று, முடிவில் மூன்றாமிடம் பெற்றார். 1965இல் அதே பிரனீசு மலையில் போட்டியை விட்டகன்றார், மீண்டும் வந்திலர்.

மலைப்பரிசை அவர் வென்றது ஆறு முறை. பெல்ஜியத்து லூசியன் வான் இம்ப் 1983இல் அவ்வெண்ணிக்கையை எட்டினார். 2004இல் ஏழாம் முறை வென்ற பிரெஞ்சுக்காரர் றிஷார் விறாங்க், ஊக்கமருந்து உட்கொண்டமையை 2000ஆம் ஆண்டு நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டவர். போட்டியின் நூறாவது ஓட்டம் நடந்த 2013இல், எல்லாக் காலத்துக்கும் சிறந்த மலைவீரராகப் பிரெஞ்சு விளையாட்டு நாளிதழ் அமைத்த குழு பகமொந்தெசையே தெரிந்தது. 2018இல் தொலேடோவில் அவர்க்குச் சிலை எழுந்தது. 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் 8ஆம் நாள், தொண்ணூற்றைந்தாம் வயதிற் காலமானார்.

இன்று மலைப்பரிசில் முன்னிற்போர் அணியும், வெண்மையிற் செம்புள்ளி இட்ட சட்டை உலகெங்கும் அறியப்பட்டது. அதனை அணிந்து அவர் ஒருநாளும் ஓடியதில்லை. 1975ஆம் ஆண்டு அச்சட்டை புதிதாய் வந்தபோது, அவர் தொலேடோவில் தம் கடையிலே துவிச்சக்கர வண்டிகள் விற்றுக்கொண்டிருந்தார்.