சாறு வற்றிய கண்டன்சர்!

புளியங்குடி மார்க்கெட்டில் எலுமிச்சை வாங்கப் பழகியவர்கள் நிறத்தை மட்டும் நம்ப மாட்டார்கள். கையில் எடுத்துக் கனம் பார்ப்பார்கள். லேசாக அழுத்திப் பார்ப்பார்கள். பளபளவென்று இருக்கும் பழம்கூட உள்ளே சாறு வற்றியிருக்கலாமே!

உங்கள் வீட்டு டிவிக்குள்ளும் அப்படிச் சில 'பழங்கள்' உண்டு. கெபாசிட்டர் என்றும், மெக்கானிக்குகள் பேச்சில் 'கண்டன்சர்' என்றும் சொல்லப்படும் குட்டி உருளைகள்தான் அவை. உள்ளே சுருட்டிய அலுமினியத் தகடுகள். நடுவே திரவத்தில் ஊறிய காகிதம். வருடக்கணக்கான சூட்டில் அந்தத் திரவம் வற்ற வற்ற, உள்ளே மின்தடை ஏறும். டிவி ஆன் ஆகாமல் அடம்பிடிக்கும்.

மல்டிமீட்டரில் இது தெரியாதா? பெரும்பாலும் தெரியாது. மின்தடை பார்க்க அது அனுப்புவது டி.சி. மின்சாரம், கண்டன்சர் அதைத் தடுத்துவிடும். கெபாசிட்டன்ஸ் அளவும் பல நேரம் ஓரளவு சரியாகவே காட்டும். 'கண்டன்சர் ஓகே, போர்டை மாத்தணும்' என்று முடிவாகிவிட்டால், சின்னச் செலவு பெரிய செலவாகிவிடும்.

வீட்டு கரன்ட்டுக்கு நொடிக்கு 50 சுற்று. டிவியின் பவர் சப்ளை இயங்குவதோ பல்லாயிரம் சுற்றில். எனவே, சோதனையும் அந்த வேகத்தில்தான் நடக்க வேண்டும். அதற்கென இருப்பது ஈ.எஸ்.ஆர். மீட்டர். பொதுவாக இது 1 லட்சம் சுற்றில் அளக்கும். 1000 மைக்ரோஃபாரட் கண்டன்சர், 50 சுற்றில் இயல்பாகவே சுமார் 3 ஓம் எதிர்ப்புக் காட்டும். 1 லட்சம் சுற்றில் அது 0.002 ஓமுக்கும் கீழே போய்விடும். மிஞ்சுவது உள்ளே இருக்கும் மின்தடை மட்டுமே. நல்ல கண்டன்சரில் அது 0.1 ஓமை ஒட்டியோ, அதற்குக் கீழோ இருக்கும். வற்றியதில் பல ஓம்களுக்கு எகிறும்.

இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. இந்த வேகத்தில், மீட்டரின் நீளமான ஒயரே கணக்கில் சில பத்தில் ஒரு பங்கு ஓமைக் கூட்டிவிடும். அதனால் ஒயர் குட்டையாக இருக்க வேண்டும். இரு முனைகளையும் சேர்த்துவைத்து, மீட்டரைப் பூஜ்யமாக்கிய பிறகே அளக்க வேண்டும்.

ஆர்வத்தில் நீங்களே டிவியைத் திறந்துவிடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டன்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். 'போர்டு போச்சு' என்று சொன்னால், ஒன்றே ஒன்று கேளுங்கள்:

"அண்ணாச்சி, கண்டன்சருக்கு ஈ.எஸ்.ஆர். பாத்தீங்களா?"