தாளிக்காத சமையல்

கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம், வற்றல் மிளகாய் எல்லாவற்றையும் நாம் காய்ந்த எண்ணெயில் போடுவதற்கு வேதியியல் காரணம் ஒன்று உண்டு. அவற்றின் மணமும் காரமும் தண்ணீரில் எளிதில் கரையாதவை; எண்ணெயில் நன்றாகக் கரைபவை. கரைந்த மணத்தை எண்ணெய் குழம்பு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

ஜப்பானிய வீட்டுச் சமையலில் அந்த வேலையைத் தண்ணீர் செய்கிறது. சூப், வேகவைத்த காய்கறி, முட்டை, நூடுல்ஸ் என்று எதைத் தொட்டாலும் பெரும்பாலும் தொடக்கம் ஒன்றுதான்: தாஷி. வெளிர்மஞ்சள் நிறத்தில் தெளிவாக இருக்கும் இந்தச் சாற்றில் எண்ணெயோ மசாலாவோ கிடையாது. உலர்ந்த கடற்பாசியும் உலர்ந்த மீனும் தண்ணீருக்குக் கொடுக்கும் சுவை மட்டுமே இருக்கும். சுஷி செய்யப் பழக ஆண்டுகள் ஆகலாம். தாஷியை ஒரு மணி நேரத்துக்குள் வைத்துவிடலாம். அதை வைத்துச் செய்யும் எளிய உணவுகளுக்கு நம் அடுக்களையில் இருக்கும் பாத்திரங்களே போதும்.

கடலிலிருந்து ஒரு பாசி

தாஷியின் முதல் பொருள் கொம்பு என்னும் பழுப்புக் கடற்பாசி. குளிர்ந்த கடலில் பல மீட்டர் நீளத்துக்கு நாடா போல வளரும். ஜப்பானில் கிடைப்பதில் மிகப் பெரும்பகுதி வடகோடித் தீவான ஹொக்கைடோவிலிருந்து வருகிறது. கோடையில் அறுத்து, கூழாங்கல் கரையில் பரப்பிக் காயவைப்பார்கள். ரிஷிரி, ரௌசு, ஹிடாகா என்று விளையும் இடத்தின் பெயரையே சொல்லி விற்பார்கள். ஒவ்வொன்றின் சுவையும் வேறு.

நவீன காலத்துக்கு முந்தைய எடோ காலத்தில் இந்தப் பாசி கப்பலேறி, ஜப்பானின் மேற்குக் கடலோரமாகச் சுற்றிக்கொண்டு ஒசாகாவை அடைந்தது. அதனால்தான் ஒசாகா, கியோட்டோ சமையலில் இன்றும் கொம்புப் பாசியின் கை ஓங்கியிருக்கிறது. தன் கடலில் இது விளையாத தென்கோடி ஒகினாவாவிலும் இதைக் காயாகவே சமைத்துச் சாப்பிடும் பழக்கம் வேரூன்றியது இந்த வணிகத்தால்தான்.

கடையில் வாங்கும் காய்ந்த பாசியின் மேல் வெள்ளையாக ஒரு பொடி படிந்திருக்கும். பூஞ்சை என்று நினைத்துக் கழுவிவிடாதீர்கள். அது பாசியிலிருந்தே வெளிப்படும் மானிட்டால் என்ற இனிப்புப் பொருள். மணல் ஏதும் ஒட்டியிருந்தால் ஈரத்துணியால் லேசாகத் துடைத்தால் போதும்.

மரக்கட்டை போல ஒரு மீன்

இரண்டாவது பொருள் கட்சுவோபுஷி. சூரை மீனைத் துண்டமாக்கி, கொதிநிலைக்குச் சற்றுக் கீழான சூட்டில் வேகவைத்து, முள் எடுத்து, கருவாலி மரப் புகையில் திரும்பத் திரும்பக் காட்டி உலர்த்துகிறார்கள். உயர்ந்த வகையென்றால் அதோடு விடுவதில்லை. அதன்மேல் ஒரு வகைப் பூஞ்சையை வளரவிட்டு வெயிலில் காயவைத்து, மறுபடி பூஞ்சை, மறுபடி வெயில் என்று மாதக்கணக்கில் போகும். பூஞ்சை மீனின் உள் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது, கொழுப்பையும் சிதைத்துவிடுகிறது. மீனில் செய்த சாறாக இருந்தும் தாஷியின் மேல் எண்ணெய் மிதக்காததற்கு இதுவும் ஒரு காரணம். முடிவில் கிடைப்பது தட்டினால் ஓசை எழும் கட்டை. தச்சரின் இழைப்புளியைக் கவிழ்த்து வைத்த மாதிரியான பெட்டியில் அதைத் தேய்த்து மெல்லிய சீவலாக எடுப்பார்கள். ககோஷிமா மாநிலத்தின் மகுராசாகி இதற்குப் பேர்போன ஊர். இன்று பெரும்பாலான வீடுகளில் சீவி அடைத்த பாக்கெட்டைத்தான் வாங்குகிறார்கள்.

நமக்கு இது முற்றிலும் அந்நியமான பொருளும் அல்ல. மாலத்தீவிலிருந்தும் லட்சத்தீவிலிருந்தும் வரும் மாசிக் கருவாடு இதே சூரை மீனை வேகவைத்து, புகை காட்டி, வெயிலில் உலர்த்திச் செய்வதுதான். இலங்கையில் சம்பலுக்கு இடித்துப் போடுவது அதைத்தான். பூஞ்சை வளர்க்கும் கட்டம் மட்டும் அதில் இல்லை. மாசியில் உப்பு கூடுதல், வாசனையும் தூக்கல். ஆனாலும் இறக்குமதிச் சீவல் கிடைக்காத ஊரில் தாஷிக்குக் கைகொடுக்கும்.

சுவையைப் பிரித்தெடுத்தவர்கள்

இந்த இரண்டு பொருளையும் சேர்க்க வேண்டும் என்பதைச் சமையல்காரர்கள் அனுபவத்தில் கண்டார்கள். ஏன் என்பதற்கு விடை காண ஆய்வாளர்களுக்கு அரை நூற்றாண்டு பிடித்தது.

டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் கிகுனே இகெடா, 1908இல் கொம்புப் பாசிச் சாற்றை ஆராய்ந்தார். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு ஆகிய நான்கிலும் அடங்காத ஒரு சுவை அதில் இருப்பதாக அவருக்குப் பட்டது. 12 கிலோ பாசியிலிருந்து அவர் பிரித்தெடுத்தது சுமார் 30 கிராம் குளுட்டாமிக் அமிலம். அது தரும் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். அந்த அமிலத்தின் சோடிய உப்பான குளுட்டமேட் 1909இல் விற்பனைக்கு வந்தது. அதன் வணிகப் பெயர்தான் அஜினோமோட்டோ. நம் ஊரில் சீன உணவோடு சேர்த்துப் பேசப்படுவது.

இகெடாவின் மாணவர் ஷின்டாரோ கொடாமா 1913இல் கட்சுவோபுஷியின் சுவைக்குக் காரணம் இனோசினேட் என்று கண்டறிந்தார். உயிருள்ள மீனின் தசையில் ஆற்றலைச் சேமித்து வைக்கும் ஏடிபி, மீன் இறந்தபின் படிப்படியாகச் சிதைகிறது. அந்தப் படிகளில் ஒன்று இனோசினேட். சிதைவு மேலும் தொடர்ந்தால் அதுவும் அழிந்துவிடும். வேகவைக்கும்போது சிதைக்கும் நொதிகள் செயலிழப்பதால் சுவை அந்தப் படியிலேயே நின்றுவிடுகிறது.

அடுத்த கட்டத்துக்குப் போனவர் அகிரா குனினாகா. ஷிடாகே காளானின் சுவைக்குக் காரணமான குவானிலேட்டைப் பற்றி ஆராய்ந்த அவர், 1950களின் முடிவில் இன்னொன்றையும் காட்டினார். குளுட்டமேட்டோடு இனோசினேட்டோ குவானிலேட்டோ சேரும்போது சுவை வெறுமனே கூடுவதில்லை, பெருகுகிறது. இரண்டும் சம அளவில் இருந்தால், தனித்த குளுட்டமேட்டைவிட நாக்கு உணரும் உமாமி ஏழெட்டு மடங்கு. 2000த்தை ஒட்டிய ஆண்டுகளில் நாக்கில் இதற்கான உணர்விகளும் கண்டுபிடிக்கப்பட்டன. குளுட்டமேட் உணர்வியில் பொருந்தியதும், இனோசினேட் பக்கத்தில் அமர்ந்து அதை விலகவிடாமல் பிடித்துக்கொள்கிறது. பாசியும் மீனும் சேரும் தாஷி சப்பென்று இல்லாமல் நாக்கில் நிற்பது இதனால்தான். குளுட்டமேட், இனோசினேட், குவானிலேட் மூன்றும் தண்ணீரில் கரைபவை, எண்ணெயில் கரையாதவை.

தாஷி வைக்கும் முறை

ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் கொம்புப் பாசியைப் போட்டு அரை மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு சிறு தீயில் வையுங்கள். பத்து நிமிடத்துக்குக் குறையாமல் மெல்லச் சூடேற வேண்டும். பாத்திரத்தின் அடியில் சிறு குமிழ்கள் எழத் தொடங்கியதும் பாசியை எடுத்துவிடுங்கள். தொழில்முறைச் சமையலறைகளில் 60 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்திருப்பவர்களும் உண்டு. பாசியோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் வழவழப்பும் கடல்வாடையும் இறங்கிவிடும்.

இனித் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்து, 20 கிராம் கட்சுவோபுஷிச் சீவலைத் தூவுங்கள். ஓரிரு நிமிடத்தில் சீவல் அடியில் அமரும். மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். பிழியக் கூடாது, பிழிந்தால் கலங்கி, கசப்பு இறங்கும். மாசியானால் 15 கிராம் இடித்துப் போட்டு, இரண்டு மூன்று நிமிடம் சிறு தீயில் வைத்து வடிகட்டலாம். அப்போது பின்னால் சேர்க்கும் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சைவத்துக்கு மீனின் இடத்தில் ஷிடாகே. ஜப்பானிய பௌத்த மடங்களின் சமையலில் இதுதான் வழக்கம். அதே 10 கிராம் பாசியோடு நான்கைந்து உலர்ந்த காளானை ஒரு லிட்டர் தண்ணீரில் போட்டு இரவு முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். காலையில் பாசியை எடுத்துவிட்டு, காளானோடு தண்ணீரை மெல்லச் சூடாக்கி இறக்குங்கள். 60 முதல் 70 டிகிரி வரையிலான சூட்டில்தான் குவானிலேட் நன்றாக உருவாகிறது.

தண்ணீரின் தன்மை முக்கியம். ஜப்பானில் மலைகள் செங்குத்தானவை, ஆறுகள் குறுகிய தூரமே ஓடுபவை. தாதுக்கள் கரைய நேரமில்லாததால் அங்கே பெரும்பாலும் மென்னீர். கடினநீரில் உள்ள கால்சியம் பாசியின் ஆல்ஜினேட்டோடு பிணைந்து, சுவை வெளியேறுவதைத் தடுக்கிறது. கியோட்டோவைவிட டோக்கியோ பக்கத்துத் தண்ணீர் சற்றுக் கடினம். அங்கே சமையல் மீன் பக்கம் சாய்ந்ததற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வரும் வீடுகளில் சுத்திகரித்த தண்ணீரோ மழைநீரோ எடுத்துக்கொள்வது நல்லது.

தாஷியிலிருந்து மூன்று

முதலில் மிசோ சூப். மிசோ என்பது வேகவைத்த சோயா மொச்சையை உப்போடும் கோஜியோடும் நொதிக்கவைத்த விழுது. அரிசியிலோ பார்லியிலோ ஆஸ்பர்ஜில்லஸ் ஒரைசே பூஞ்சையை வளர்த்தால் கிடைப்பது கோஜி. அதன் நொதிகள் புரதத்தைச் சிதைத்துக் குளுட்டமேட்டை விடுவிக்கின்றன. சோயா சாஸ், சாகே ஆகியவற்றுக்கும் இதே பூஞ்சைதான் மூலம் என்பதால் 2006இல் ஜப்பானின் மதுவடிப்பியல் சங்கம் இதைத் தேசியப் பூஞ்சையாகவே அறிவித்தது. நால்வருக்கு 600 மில்லி தாஷியைச் சூடாக்கி, சிறு சதுரமாக நறுக்கிய டோஃபுவைப் போடுங்கள். அடுப்பை அணைத்தபின் மூன்று மேசைக்கரண்டி மிசோவைக் கொஞ்சம் தாஷியில் குழைத்து ஊற்றி, வெங்காயத்தாளைத் தூவுங்கள். மிசோ சேர்ந்தபின் கொதிக்கவிட்டால் மணம் பறந்துவிடும். மிசோவிலேயே உப்பு நிறைய இருப்பதால் தனியாகப் போட வேண்டியதில்லை.

அடுத்தது பூசணிக்காய். ஜப்பானிய கபோச்சா மாவுத்தன்மை உள்ளது. நம் மஞ்சள் பூசணியில் நீர் அதிகம், எனவே தாஷி குறைவாகப் போதும். அரைக் கிலோ காயைத் தோலோடு பெரிய துண்டமாக்கி, காய் பாதி முழுகும் அளவு தாஷி ஊற்றி, முதலில் இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை போட்டு வேகவிடுங்கள். பாதி வெந்தபின் ஒன்றரை மேசைக்கரண்டி சோயா சாஸ். இனிப்பு முதலில், உப்பு பின்னால் என்பது அங்கே எழுதாத சட்டம். சர்க்கரை மெதுவாகத்தான் உள்ளே இறங்கும். உப்பை முந்தவிட்டால் காய் இறுகும் என்பது சமையல்காரர்களின் விளக்கம். ஜப்பானியர்கள் பாத்திரத்தின் வாயைவிடச் சிறிய மரமூடியை நேரடியாகக் காயின் மேலேயே வைப்பார்கள். காய் புரண்டு உடையாது. கொஞ்சம் சாறே மூடியில் மோதித் திரும்பி எல்லாத் துண்டிலும் படும். நம் வீட்டில் ஒரு சிறிய எவர்சில்வர் தட்டு அந்த வேலையைச் செய்யும். இறக்கி ஆறவிடுங்கள், ஆறும்போதுதான் சுவை உள்ளே இறங்குகிறது.

மூன்றாவது சவான்முஷி என்னும் முட்டை ஆவியப்பம். முட்டையைப் போல மூன்று மடங்கு தாஷி என்பது கணக்கு. ஒரு முட்டைக்கு 150 மில்லி ஆறிய தாஷி, சில துளி சோயா சாஸ், ஒரு சிட்டிகை உப்பு. நுரைக்காமல் கலக்கி, வடிகட்டி, சிறு கிண்ணங்களில் ஊற்றி இட்லிப் பாத்திரத்தில் வையுங்கள். மூடியைச் சற்றுத் திறந்து வைத்து, சிறு தீயில் 12 முதல் 15 நிமிடம். முட்டைப் புரதம் 80 டிகிரியை ஒட்டிய சூட்டில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வலைபோல இறுகுகிறது. தீ அதிகமானால் வலை சுருங்கி நீரைக் கக்கும். மேலெல்லாம் ஓட்டை விழும். இட்லிக்கு வைக்கும் தீயை இதற்கு வைக்கக் கூடாது.

கூடச் சோறு வேண்டும். ஜப்பானிய அரிசியில் அமிலோஸ் என்ற மாவுச்சத்து சுமார் 17 சதவீதம்தான். நாம் உண்ணும் பல ரகங்களில் இது 20 சதவீதத்துக்கு மேல் இருப்பதால் சோறு உதிர்கிறது. அங்கே கஞ்சி வடிப்பதில்லை; அரிசியைக் கழுவி அரை மணி ஊறவைத்து, ஒன்றுக்கு ஒன்றேகால் தண்ணீர் விட்டு வேகவைத்து, திறக்காமல் பத்து நிமிடம் புழுங்கவிடுவார்கள். புழுங்கல் அரிசி இதற்கு ஒத்துவராது.

வாங்கும் முன்

தாஷி எடுத்தபின் மிஞ்சும் பாசியையும் சீவலையும் எறியாதீர்கள். பாதியளவு தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்தால் இரண்டாம் தாஷி கிடைக்கும். மிசோ சூப்புக்கும் பூசணிக்காய்க்கும் அதுவே போதும். முதல் தாஷியைச் சவான்முஷிக்கு வைத்துக்கொள்ளலாம். பாசியைப் பொடியாக நறுக்கிச் சோயா சாஸ், சர்க்கரையில் சுண்டவைத்தால் சோற்றுக்குத் தொடுகறி.

ஒரு எச்சரிக்கை. ஒரு கிராம் கொம்புப் பாசியில் சுமார் 2 மில்லிகிராம் அயோடின் இருக்கும். பெரியவர்களுக்கு நாள் ஒன்றுக்குத் தேவை 150 மைக்ரோகிராம்தான். தைராய்டு சிக்கல் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் சேர்க்கக் கூடாது. மற்றவர்களும் எப்போதாவது என்று வைத்துக்கொள்வது நல்லது.

முதல் முறை எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்க வேண்டாம். ஒரு சிறு பாக்கெட் கொம்புப் பாசி, கொஞ்சம் மாசியோ ஷிடாகேவோ, ஒரு டப்பா மிசோ, ஒரு குப்பி சோயா சாஸ் போதும். பாசி தாஷியைத் தனியாக ஒரு வாய், மீனோ காளானோ சேர்ந்ததை ஒரு வாய் குடித்துப் பாருங்கள். குனினாகா சொன்ன பெருக்கல் கணக்கு உங்கள் நாக்குக்கே விளங்கும்.